வேர்ச்சுவல் மெஷின் எழும்ப மறுத்தால்: ஸ்ட்ரோம்மனில் ஒரு சனிக்கிழமை இரவு



இந்தக் கிழமை எபிசோடில் வேர்ச்சுவல் மெஷின் பற்றிக் கதைக்கத் தொடங்கி, பாதியில் நேரம் முடிந்துவிட்டது. "மிச்சத்தை மடலில் எழுதுறன்" என்று சொல்லித் தப்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வாருங்கோ. இது கொஞ்சம் நீண்ட கதை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஸ்ட்ரோம்மன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணை ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய அம்மா காலமாகி மூன்று கிழமை. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். திங்கள் காலை அச்சகத்துக்குப் பிடிஎஃப் போகாவிட்டால் மலர் நேரத்துக்கு வராது.

"தம்பி, அப்பா எழுதின ஊர்க் கதையையும் அதில சேர்க்க வேணும். எல்லாம் சீடியில கிடக்குது. ஆனா திறக்குதில்லை."

அந்த ஊர்க் கதை சும்மா ஒரு கட்டுரை இல்லை. அண்ணையின் அப்பா, மகனோடு வந்து ஸ்ட்ரோம்மனில் இருந்த கடைசிக் காலத்தில், கொப்பிகளில் கையால் எழுதியது. தங்கள் கிராமத்தின் குளங்கள், காணிகள், கோயில் திருவிழா, யார் யாருடைய பிள்ளை என்ற வம்சாவளி. அண்ணை வேலை முடிந்து வந்து இரவிரவாக அதைத் தட்டச்சு செய்து, பேஜ்மேக்கர் 7-இல் 64 பக்கமாக அடுக்கியிருந்தார். கொப்பிகள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன. அப்பா இல்லை, இப்போது அம்மாவும் இல்லை. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் வேறு யாரும் இல்லை. மிஞ்சியது 2004-இல் எரித்த ஒரு சீடி.

ஏன் வேர்ச்சுவல் மெஷின்?

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதுதான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. இன்டிசைன் அதன் கோப்புகளைக் கொஞ்சக் காலம் திறந்தது, சிஎஸ்6-ஓடு அதுவும் நின்றுவிட்டது. இன்றைய இன்டிசைனில் அந்தக் கோப்பைப் போட்டால் கதவே திறக்காது.

எழுத்துரு இன்னொரு சிக்கல். அது பாமினி. யூனிகோட் பரவுவதற்கு முன் எங்கட ஆட்கள் பெரும்பாலும் அதில்தான் தட்டினார்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அதற்குப் பிறகு ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். 64 பக்கமும் இப்படி நின்றால் என்ன செய்வது?

ஆகவே வழி ஒன்றுதான். வின்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் பேஜ்மேக்கர், அதற்குள் பாமினி. அண்ணையிடம் மூன்றின் சீடிகளும் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. பழைய கணினிதான் இல்லை. அதனால் மகன் விட்டுப்போன மேசைக் கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு, ஒரு பொய்க் கணினியை உருவாக்கி, ஸ்டார்ட் அழுத்தியிருக்கிறார். சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிட்டது.

"இன்ரநெட்டில பாத்தன் தம்பி. 32 பிட் எண்டா ஹார்ட்வெயார் ஒண்டும் தேவையில்லையாம். பிறகு ஏன் இது அழுங்குப்பிடி பிடிக்குது?"

அவர் வாசித்தது ஒருகாலத்தில் உண்மை. இப்போது இல்லை. ஏன் என்று விளங்கவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

சத்தம் போடாமல் ஏமாற்றும் கட்டளைகள்

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் யோசனை புதியதல்ல. ஐபிஎம் 1960-களிலேயே தன் பெரிய கணினிகளில் செய்து பார்த்துவிட்டது. 1974-இல் ஜெரால்ட் போபெக், ரொபர்ட் கோல்ட்பெர்க் என்ற இரண்டு பேர், ஒரு செயலி இதற்கு ஏற்றதா என்று சொல்ல விதி எழுதினார்கள். சாரம் இதுதான்: உள்ளே இருக்கும் விருந்தாளி, வீட்டின் மெயின் சுவிட்சைத் தொட்டால் வீட்டுக்காரருக்கு உடனே மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் வீட்டுக்காரர் வந்து, தொட்ட மாதிரி ஒரு நடிப்பை நடத்தி அனுப்பிவிடுவார்.

நாங்கள் எல்லோரும் பாவிக்கும் எக்ஸ்86 செயலிகளில் அந்த மணி ஒழுங்காக அடிக்கவில்லை. பென்டியத்தில் 17 கட்டளைகள் இப்படிப் பிசகும் என்று 2000-இல் ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது. 'பொப்எஃப்' என்ற கட்டளை நல்ல உதாரணம். உரிமை இல்லாத நிரல் அதைக் கொண்டு குறுக்கீடுகளை நிறுத்தப் பார்த்தால், செயலி மறுப்பதும் இல்லை, செய்வதும் இல்லை, கேட்காத மாதிரி இருந்துவிடும். விருந்தாளிக்குச் சுவிட்சை நிறுத்திவிட்டதாக நினைப்பு, வீட்டுக்காரருக்கு அவர் தொட்டதே தெரியாது.

1998-இல் தொடங்கிய விஎம்வெயார் இதை மென்பொருளால் சமாளித்தது. விருந்தாளியின் கட்டளைகளை ஓட விடுமுன் வாசித்து, ஆபத்தானவற்றை மாற்றி எழுதியது. கெட்டிக்கார வேலை, ஆனால் சிக்கலானது. பிறகு செயலி செய்பவர்களே இறங்கி வந்தார்கள். இன்டெல் 2005 நவம்பரில் விடி-எக்ஸ் கொண்டுவந்தது, ஏஎம்டி 2006 மே மாதம் ஏஎம்டி-வி கொண்டுவந்தது. விருந்தாளிக்கென்று செயலிக்குள்ளேயே ஒரு தனி அறை. மெயின் சுவிட்ச் மாதிரித் தோன்றும் ஒன்று உள்ளே இருக்கும், தொட்டால் வெளியே மணி அடிக்கும்.

வேர்ச்சுவல்பொக்ஸ் பல வருடம் இரண்டு வழியையும் வைத்திருந்தது. விடி-எக்ஸ் இல்லாவிட்டாலும் 32 பிட் விருந்தாளியை மென்பொருளால் ஓட்டும். 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் அந்தப் பழைய வழியை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எக்ஸ்பி என்றாலும் சரி, வின்டோஸ் 98 என்றாலும் சரி, செயலியின் உதவி கட்டாயம். அண்ணை வாசித்த குறிப்பு அதற்கு முந்தியது. ஒரு தொழில்நுட்பக் குறிப்பை நம்பு முன் திகதியைப் பாருங்கோ என்று நான் திருப்பித் திருப்பிச் சொல்வது இதனால்தான்.

இடையில் ஒரு சின்னச் சந்தோஷம். வேர்ச்சுவல்பொக்ஸின் ஜன்னல், பொத்தான் எல்லாம் க்யூட்டி என்ற கருவித்தொகுப்பால் கட்டியவை. அதை உருவாக்கிய ட்ரோல்டெக் நிறுவனம் ஒஸ்லோவில் வளர்ந்தது. ஸ்ட்ரோம்மனில் ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடும் ஊர். அண்ணையைப் பார்த்துப் பல்லிளித்த அந்தப் பிழைப் பெட்டியிலும் கொஞ்சம் எங்கட ஊர்க் கைவேலை இருந்தது!

முதல் வேலை: பிழைச் செய்தியை முழுக்க வாசிப்பது

நான் போனபோது இரவு ஏழு மணி. மேசையில் அம்மாவின் படம், விளக்கு, பக்கத்தில் அந்தக் கணினி. அண்ணை பிழைப் பெட்டியை மூடிவிட்டிருந்தார். "திரும்ப வர வையுங்கோ அண்ணை, வாசிப்பம்" என்றேன்.

எங்களில் பலர் இங்கேதான் பிழை விடுகிறோம். "விடி-எக்ஸ் வேலை செய்யுதில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனால் செய்தியில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஒன்று, பயோஸில் 'டிஸேபிள்ட்' என்று வருவது. செயலிக்குத் திறமை இருக்கிறது, ஆனால் தாய்ப்பலகையின் அமைப்பில் யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மற்றது, 'நொட் அவெய்லபிள்' என்று வருவது. செயலி மிகப் பழசாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும், வேறு யாரோ அந்த வசதியை முதலே பிடித்து வைத்துக்கொண்டு இவருக்கு மறைக்கிறார் என்று அர்த்தம்.

அண்ணைக்கு வந்தது முதலாவது: ஏஎம்டி-வி பயோஸில் பூட்டியிருக்கிறது. உறுதிப்படுத்த டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியு-வை அழுத்தினோம். கீழே 'வேர்ச்சுவலைசேஷன்' என்ற வரிக்கு எதிரே 'டிஸேபிள்ட்'. இரண்டும் ஒத்துப்போகிறது. நல்லது. லினக்ஸ் ஆட்கள் இதையே 'எல்எஸ்சிபியு' கட்டளையில் பார்க்கலாம்.

பயோஸுக்குள் போகுமுன்

அண்ணை உடனே கணினியை நிறுத்தப் போனார். கையைப் பிடித்தேன். "பொறுங்கோ. பிட்லொக்கர் சாவி எங்க?"

இப்போதைய வின்டோஸ் கணினிகள் பலவற்றில், நீங்கள் கேட்காமலே வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயோஸில் ஏதாவது மாற்றினால், "இது அதே கணினிதானா?" என்று சந்தேகப்பட்டு அது 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் கணினிக்குள் போகமுடியாமல் நின்றுகொண்டு, கடவுச்சொல்லும் நினைவில்லை என்றால்? அதனால் முதலே கைத்தொலைபேசியில் எடுத்து, கடதாசியில் எழுதி வைத்தோம். மகனுக்குத் தொலைபேசி எடுத்து, கடவுச்சொல் தேடி, இருபது நிமிடம் போனது. அண்ணைக்குப் பொறுமை போகப் பார்த்தது.

பிறகு செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதிக்குப் போய், 'அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப்' வழியாக யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் நுழைந்தோம். எஃப்2, டெலீட் என்று விசைகளைக் குத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை.

உள்ளே எதைத் தேடுவது? ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்'. இன்டெல் என்றால் 'இன்டெல் வேர்ச்சுவலைசேஷன் டெக்னோலஜி'. சில பலகைகளில் சிபியு பகுதிக்குள், சிலவற்றில் ஓவர்க்ளொக் பகுதிக்குள் ஒளிந்திருக்கும். 'விடி-டி' என்று ஒன்றும் கண்ணில் படும். அது கிராபிக்ஸ் அட்டை போன்ற சாதனங்களை நேரடியாக விருந்தாளிக்குக் கொடுப்பதற்கு. அதை மட்டும் போட்டுவிட்டு "போட்டனான், வேலை செய்யுதில்லை" என்று எழுதும் நேயர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு.

இதை வின்டோஸுக்குள் இருந்தே ஒரு மென்பொருளால் மாற்றமுடியாதா என்று சிலர் கேட்பீர்கள். இன்டெல் செயலியில் இதற்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. பயோஸ் அதில் ஆம் அல்லது இல்லை என்று எழுதி, பூட்டு பிட்டையும் போட்டுவிடும். அடுத்த முறை கணினி முழுக்க மீளத் தொடங்கும்வரை யாராலும் மாற்றமுடியாது. பாதுகாப்புக்காகத்தான்: கள்ள மென்பொருள் ஒன்று உங்கள் வின்டோஸையே விருந்தாளியாக்கிவிட்டு, தான் வீட்டுக்காரனாக உட்கார்ந்துவிடக் கூடாது அல்லவா?

அதனால்தான் மாற்றியபின் கணினியை முழுதாக நிறுத்தச் சொல்கிறோம். வின்டோஸின் 'ஷட் டவுன்' உண்மையில் அரைத் தூக்கம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், மின்சார வயரையும் கழற்றி அரை நிமிடம் பொறுங்கள்.

எஸ்விஎம் போட்டோம், சேமித்தோம், கழற்றி மாட்டினோம். நீலத் திரை வந்து 48 இலக்கம் கேட்டது. அண்ணை என்னைப் பார்த்தார், நான் கடதாசியைப் பார்த்தேன். அது பிழையல்ல, பூட்டு தன் வேலையைச் செய்தது. கடதாசி இல்லாவிட்டால் அந்த இரவு அதோடு முடிந்திருக்கும்.

ஒரு பூட்டு திறந்தது, ஆமை வந்தது

டாஸ்க் மனேஜரில் 'இனேபிள்ட்' வந்துவிட்டது. வேர்ச்சுவல் மெஷின் எழும்பியது. எக்ஸ்பி சீடியைக் கொடுத்தோம், நிறுவல் தொடங்கியது. அண்ணைக்கு முகம் மலர்ந்தது. எனக்கு இல்லை. கோப்புகள் பிரதியாகும் மஞ்சள் பட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பச்சை ஆமை.

அது அலங்காரப் படமல்ல. ஹைப்பர்-வி என்ற வின்டோஸின் சொந்த மேற்பார்வையாளர் ஏற்கனவே செயலியைப் பிடித்துவிட்டார், வேர்ச்சுவல்பொக்ஸ் அவரிடம் கெஞ்சித்தான் ஓடுகிறது என்று சொல்லும் அடையாளம். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது. செயலியின் வேர்ச்சுவலைசேஷன் வசதிக்கும் ஒரே நேரத்தில் ஒரு வீட்டுக்காரர்தான். 6.0 பதிப்புக்கு முன் வேர்ச்சுவல்பொக்ஸ் இந்த நிலையில் ஓடவே ஓடாது. இப்போது ஆமை வேகத்திலாவது ஓடுகிறது.

அரை மணித்தியாலத்துக்கு முன் இல்லாத ஹைப்பர்-வி இப்போது எங்கிருந்து வந்தார்? கொஞ்சம் தலையைச் சொறிந்தபின்தான் பிடிபட்டது. மகன் எப்போதோ ஓர் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போடப் பார்த்து, வின்டோஸ் ஃபீச்சர்ஸில் 'வேர்ச்சுவல் மெஷின் பிளட்ஃபோம்' என்பதை டிக் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பயோஸ் பூட்டியிருந்ததால் அது இவ்வளவு நாளும் தூங்கியது. நாங்கள் பூட்டைத் திறந்தவுடன் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டது.

எழுப்பக்கூடியவர்கள் இவர்கள்: ஹைப்பர்-வி, வேர்ச்சுவல் மெஷின் பிளட்ஃபோம், வின்டோஸ் ஹைப்பர்வைசர் பிளட்ஃபோம், வின்டோஸ் சான்ட்பொக்ஸ். இவற்றோடு, வின்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'கோர் ஐசொலேஷன்' பகுதியில் இருக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி'. புதிதாக நிறுவிய வின்டோஸ் 11-இல் இந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் தானாகவே விழித்திருப்பார்.

பிளட்ஃபோம் இரண்டின் டிக்கையும் எடுத்தோம். மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்தினோம். நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, 'பிசிடிஎடிட்' கட்டளையால் 'ஹைப்பர்வைசர்லோஞ்ச்டைப்' என்பதை 'ஓஃப்' ஆக்கினோம். மீளத் தொடங்கியதும் ஆமை போய்விட்டது. எக்ஸ்பி பறந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இது இலவசமல்ல. மெமரி இன்டெக்ரிட்டி உண்மையான பாதுகாப்பு. டப்ளியூஎஸ்எல் 2, அதன் மேல் ஓடும் டொக்கர் எல்லாம் இந்த மாற்றத்தோடு நின்றுவிடும். படிக்கிற, வேலை செய்கிற கணினி என்றால், ஆமையோடு வாழமுடியுமா என்று முதலில் பாருங்கோ, அல்லது ஹைப்பர்-வி-யிலேயே உங்கள் மெஷினை உருவாக்குங்கோ. வேலைத்தலம் தந்த கணினி என்றால் கையே வைக்காதேயுங்கோ, ஐடி ஆட்களிடம் கேளுங்கோ. எங்களுக்கு ஓர் இரவுக்கு மட்டும் தேவை. அதனால் மாற்றியவற்றை அதே கடதாசியில் வரிசையாக எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன்.

லினக்ஸ், மக் பாவிப்பவர்களுக்கு

லினக்ஸிலும் இதே சண்டை உண்டு, எதிராளி மட்டும் வேறு. கேவிஎம். முந்தி கேவிஎம்-இல் ஒரு மெஷின் ஓடினால்தான் அது செயலியைப் பிடிக்கும். 2024 நவம்பரில் வந்த 6.12 கேர்னலில் இருந்து, கேவிஎம் மொடியூல் ஏறியவுடனேயே பிடித்துக்கொள்வது இயல்பு நிலை. "நேற்று வரை ஓடினது, அப்டேட் போட்டபிறகு ஓடுதில்லை" என்று எழுதியிருந்த மூன்று நேயர்களே, உங்களுக்குத்தான் இது. கேவிஎம் மொடியூலை இறக்கிவிட்டுப் பாருங்கோ, அல்லது ஏறும்போதே பிடிக்கும் அந்த அமைப்பைக் கேர்னல் வரியில் பூச்சியம் ஆக்குங்கோ.

எம்1-க்குப் பிந்திய மக் என்றால் கதை வேறு. அந்தச் செயலி ஏஆர்எம் மொழி பேசுவது. வேர்ச்சுவலைசேஷன் அதில் தாராளமாக இருக்கிறது, ஆனால் ஏஆர்எம் விருந்தாளிக்கு மட்டும். எக்ஸ்பி போன்ற எக்ஸ்86 விருந்தாளிக்குக் கட்டளைக்குக் கட்டளை மொழிபெயர்க்கும் எமுலேஷன் வேண்டும். யூடிஎம் அதைச் செய்யும், மெதுவாக. பயோஸில் தேடி நேரத்தை வீணாக்காதேயுங்கோ, அங்கே அப்படி ஒரு சுவிட்ச் இல்லை.

64 பக்கம்

இரவு பதினொன்றரைக்கு எக்ஸ்பி-யின் பச்சைப் புல்வெளி திரையில் வந்தது. வலையமைப்பு அட்டையை நான் முதலே கழற்றிவிட்டிருந்தேன். பாதுகாப்புத் திருத்தம் வராத ஒரு இயங்குதளத்தை இன்ரநெட்டில் விடக்கூடாது. பாமினியை எழுத்துருக் கோப்புறைக்குள் போட்டு, பேஜ்மேக்கரை நிறுவி, 2004 சீடியைச் செருகினோம். சீடி சுழன்றது, நின்றது, திரும்பச் சுழன்றது. அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. பயோஸ் பூட்டைத் திறக்கலாம், ஆமையை விரட்டலாம். சீடியின் சாயம் போயிருந்தால் யாராலும் ஒன்றும் செய்யமுடியாது.

திறந்தது. முதல் பக்கத்தில் ஊரின் வரைபடம், அப்பா கையால் கீறி ஸ்கான் செய்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் வம்சாவளி. அதில் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய வீட்டுப் பெயரும் இருந்தது. அண்ணைக்கே அது மறந்துபோயிருந்தது. "இப்பிடித்தான் அம்மம்மா கூப்பிடுவா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

ஞாயிறு மத்தியானம் பிடிஎஃப் தயார். யுஎஸ்பி ஸ்டிக்கை மெஷினோடு இணைத்து வெளியே எடுத்தோம். பாமினி எழுத்துகளை மாற்றிமூலம் யூனிகோடாக்கி, வெறும் உரையாகவும் ஒரு பிரதி வைத்தோம். பிடிஎஃப் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் உள்ளே இன்னும் பாமினிதான், தேடினால் ஒரு பெயரும் அகப்படாது. பேரப்பிள்ளை ஒருநாள் தன் ஊரைத் தேடினால் அகப்படவேண்டும். பிரதிகள் மூன்று: ஒன்று ஸ்ட்ரோம்மனில், ஒன்று மகனிடம், ஒன்று கனடாவில் தங்கச்சியிடம்.

கிளம்புமுன் திரையோரக் கடதாசியைப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஹைப்பர்வைசர்லோஞ்ச்டைப் திரும்ப 'ஓட்டோ'. மெமரி இன்டெக்ரிட்டி திரும்ப 'ஓன்'. எஸ்விஎம்-ஐ மட்டும் திறந்தபடியே விட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிஸ்கட் பெட்டி இருக்கும். பாடசாலை மலர், நாடகப் பிரதி, கல்யாண அழைப்பிதழ், யாரோ ஒருவரின் நாட்குறிப்பு. மரண வீட்டுக்குப் பிறகு திறக்காதேயுங்கோ. இந்தச் சனிக்கிழமையே திறவுங்கோ. மெஷின் எழும்பாவிட்டால் முதலில் பிழைச் செய்தியை முழுக்க வாசியுங்கோ. பிறகும் மாட்டுப்பட்டால், அந்தச் செய்தியின் படத்தோடு இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ, பார்ப்பம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.